ஒன்பது துணிகள்

அந்த வெள்ளிக்கிழமை காலை கூட்ட அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

மிஸ் கோ. எங்கள் மேலாளர். கதவுக்கு எதிர் நாற்காலி.

அங்கிள் லிம். எங்களிடம் டிரில் கொடுத்துப் பூச்சு போட்டு வாங்கும் பட்டறையின் ஃபோர்மன். எழுபதை நெருங்கியவர்.

ரொஹானா. சோதனைப் பிரிவு. மைக்ராஸ்கோப் அவர் பொறுப்பு.

சுதாகர். பொறியாளர். திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து இரண்டு வருடம்.

நான், மல்லிகா. பூச்சு போடும் சேம்பரில் டிரில்களை ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை.

ஐந்து பேர். மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் இரும்பில் ஓட்டை போடும் பதினொரு டிரில். பதினொன்றும் முனை உடைந்தவை.

அங்கிள் லிம் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி மலாய். நான் தமிழில் எழுதுகிறேன்.

“புதுத் தகடு கெட்டி. உங்க பழைய கோல்டு கலர் கோட்டிங் அதுல நூத்தம்பது ஓட்டையோட நிக்குது. முந்நூறு வேணும்னு கேட்டேன். புதுசா ஒண்ணு குடுத்தீங்க. அது எண்பதுல போகுது லா. புதுசு எனக்கு எதுக்கு?”

மிஸ் கோ சுதாகரைப் பார்த்தார்.

“எட்டாவது ரவுண்டைத் தேர்ந்தெடுத்தது யார்?”

“நான்தான்.”

“டெஸ்ட்?”

“எல்லாம் பாஸ். ஒன்பது ரவுண்டுல அதுதான் அதிகக் கடினம்.”

“அப்போ இது என்ன?”

சுதாகர் தட்டைப் பார்த்தார். ரொஹானா தன் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். நான் கைகளை மடியில் வைத்திருந்தேன்.

அந்தப் பதினொன்றும் ஏன் உடைந்தன என்று அந்த அறையில் எனக்குத்தான் தெரியும். முழுதாகத் தெரியாது. பாதி தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அங்கிள் லிம் எழுந்தார். அடுத்த வெள்ளிக்குள் நல்ல டிரில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார். தட்டை எங்களுக்கே விட்டுப் போனார்.

கதவு மூடியதும் மிஸ் கோ சொன்னார். “சுதாகர், உன் வேலை பாஸைப் புதுப்பிக்கிற விண்ணப்பப் பாரம் என் மேசையில இருக்கு. இந்த கோட்டிங்குக்காகத்தான் உன்னை எடுத்தோம். இந்த வேலை போச்சுன்னா மேலே நான் என்ன சொல்றது?”

மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். அந்த மாதக் கடைசியில் பாஸ் முடிகிறது. சுதாகரின் மனைவி ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

இதைப் படிக்கும் நீங்கள் புதிதாக வேலைக்கு வந்தவர்கள். புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ரொஹானா கேட்டார். இப்போது அவர்தான் உங்கள் பிரிவுக்குத் தலைவர். நான் தொடக்கநிலை ஆறு வரை படித்தவள். மெஷினை ஓட்டுவது பற்றி எழுத மாட்டேன். அதற்குத் தடித்த புத்தகம் இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வேலை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பாஷையில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சேம்பருக்குள் காற்றை உறிஞ்சி எடுக்கிறோம். ஆர்கான் விடுகிறோம். மின்சாரம் கொடுத்தால் ஆர்கான் போய் டைட்டானியம் அலுமினியப் பலகையை அடிக்கிறது. பலகை பொடிப்பொடியாகத் தெறிக்கிறது. தெறித்தது நைட்ரஜனோடு சேர்ந்து டிரில் மேல் படிகிறது. தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. அந்தப் படிவுதான் எஃகை வெட்டும்போது டிரில்லைக் காப்பாற்றுகிறது.

டிரில்லுக்கும் கொஞ்சம் மின்னழுத்தம் கொடுப்போம். பயாஸ் என்போம். அதை ஏற்றினால் படிவது இறுகும். இறுகினால் கடினம் கூடும். சுதாகர் அந்த பயாஸையும் நைட்ரஜனையும் சூட்டையும் மாற்றி மாற்றி ஒன்பது ரவுண்டு ஓட்டினார். முதல் மூன்றில் பயாஸ் குறைவு. நடு மூன்றில் நடுத்தரம். கடைசி மூன்றில் அதிகம். ஒவ்வொரு ரவுண்டிலும் பத்து டிரில். கூடவே ஒரு டெஸ்ட் பீஸ். பத்துக் காசு அளவில் தட்டையான எஃகு வில்லை. டிரில்லின் வளைவில் கடினம் அளக்க முடியாது. வில்லையில் அளக்கலாம். அதனால் வில்லையை அளந்து, ஷீட்டில் எழுதி, எது பெரிய நம்பரோ அதை எடுப்பது. எட்டாவது ரவுண்டின் வில்லைதான் பெரிய நம்பர் காட்டியது. ரொஹானாவின் ஷீட்டில் வில்லைக்கு ஆறு கட்டம். டிரில்லுக்கு நிறம், தடிமன் என்று இரண்டு கட்டம்.

ஆறிய பிறகு டிரில்களை இறக்குவேன். இறக்கி ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைப்பேன். ஒவ்வொன்றாகத் துடைப்பேன். கம்பெனி தரும் காகிதத் துடைப்பான் இழை விடும். அதனால் என் வீட்டுக்காரரின் பழைய வேட்டிகளைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சு போன மல். ஒரு ரவுண்டுக்கு ஒரு துணி. ஒன்றின் அழுக்கு இன்னொன்றில் ஒட்டக் கூடாது என்பதற்காக மூலையில் மார்க்கரால் ரவுண்டு நம்பர் போடுவேன். துடைத்து முடித்ததும் அழுக்கு உள்ளே போகும்படி மடித்துப் பையில் போடுவேன். பை நிறைந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைப்பேன். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. நானே வைத்துக்கொண்ட பழக்கம். டிரில் ரொஹானாவிடம் போகும்போது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பெருமை.

எட்டாவது ரவுண்டை இறக்கிய அன்று துணியில் தூசு விழுந்தது. கருஊதா. கண் மை பொடித்த மாதிரி.

சேம்பரில் தூசு புதிதல்ல. உள்சுவரிலும் பூச்சு படியும். அது நாளடைவில் உரிந்து விழும். ஆனால் சுவர்த் தூசு பெரியது. சுருண்டிருக்கும். விரலில் எடுத்தால் கடிக்கும். இது மெல்லியது. ஊதினால் பறந்தது. வித்தியாசம் என் விரலுக்குத் தெரிந்தது.

துடைத்தேன். மடித்தேன். பையில் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பல வருடங்களுக்கு முன்னால், இதே இடத்தில், உறிஞ்சும் பம்பின் சத்தம் மாறியதை அப்போதிருந்த பொறியாளரிடம் சொன்னேன். அவர் தலை நிமிராமல் சொன்னார். “ஆண்டி, நீங்க லோட் பண்ணுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்.” இரண்டு நாளில் பம்பு நின்றது. நான் சொன்னது யாருக்கும் நினைவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. அன்றிலிருந்து ஏற்றினேன், இறக்கினேன். பதினோரு வருடம். அவர் என்னை அவமானப்படுத்திவிட்டார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. பேசாமல் இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. பார்த்ததைச் சொன்னால் அதற்கு நாம் பொறுப்பு. சொல்லாவிட்டால் ஷீட் பொறுப்பு.

சுதாகர் அந்தப் பழைய பொறியாளர் இல்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். அந்த வெள்ளிக்கிழமை முழுதும் எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கினேன். அங்கே கூட்டம். மூச்சு வாங்க ஃபேரர் பார்க் பக்கம் நடந்தேன். ஒரு சாப்பாட்டுக் கடையின் வெளி மேசையில் சுதாகர் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு நோட்டு. டீயில் ஆடை கட்டியிருந்தது.

“உக்காருங்கக்கா. டீ சொல்லட்டா?”

“வேணாம். லீவு நாள்ல என்ன இது?”

“ஒன்பது ரவுண்டு நம்பரும். ரெண்டு நாளா திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கேன். எங்கயும் தப்பு இல்லக்கா. ஒரு தப்பு கெடைச்சாக்கூட நிம்மதியா இருக்கும்.”

“வீட்டுல?”

“பாசிர் ரிஸ்ல இருக்கா. போன வாரம் ஒரு அலமாரி வாங்கினோம். பலகை பலகையா அட்டைப் பெட்டியில வந்திருக்கு. பூட்டவா, இல்ல அப்படியே வைக்கவான்னு காலையில கேட்டா. நான் பதில் சொல்லாம எந்திரிச்சு வந்துட்டேன்.”

நான் காய்கறிப் பையைக் கீழே வைத்தேன்.

“தம்பி, டிரில் எறக்கும்போது துணியில தூசு விழுந்துச்சு.”

“என்ன தூசு?”

“ஊதா. மெல்லிசு. எட்டாவதுல. ஏழுலயும் இருந்துச்சு. ஒன்பதும் அப்படித்தான்னு ஞாபகம். அப்புறம் ஆர்டருக்கு ஓட்டினோமே, அந்த மூணு லோடுலயும்.”

“சேம்பர் சுவத்துலேர்ந்து விழுந்திருக்கும்லா.”

“அப்படித்தான் நானும் நெனைச்சுக்கிட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். படித்தவர். புரிந்துகொண்டார்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“அன்னைக்கே.”

“ரெண்டு மாசம் ஆச்சேக்கா.”

“ஆமா.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“ஷீட்டுல அதுக்கு எடம் இல்ல.”

“எனக்குக் காது இருக்குல்லா.”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாலையில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. அவர் நோட்டை மூடி, திரும்பத் திறந்தார்.

“இப்ப சொல்லி என்னக்கா ஆகப்போகுது? ஏழுன்னு நெனைக்கேன், ஒன்பதுன்னு ஞாபகம்னு மேடம்கிட்ட போய் நிக்க முடியுமா? அந்தத் தூசு இப்ப எங்க இருக்கு?”

அப்போதுதான் எனக்குப் பை ஞாபகம் வந்தது. நிறைந்துவிட்டதென்று புதன்கிழமைதான் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். துவைப்பது என் வீட்டுக்காரர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் துவைக்கும் நாள்.

போன் போட்டேன். ஐந்து தடவை அடித்து எடுத்தார்.

“அந்தத் தொழிற்சாலைப் பையைத் தொவைச்சிட்டீங்களா?”

“மெஷின்ல போட்டாச்சு.”

நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

“ஆனா சோப்புத் தூள் இல்ல. தீந்துபோச்சுன்னு போன வாரமே சொன்னேன். நீ எங்க கேக்குற? வர்றப்ப வாங்கிட்டு வா.”

“வாங்கிட்டு வர்றேன். மெஷினைத் தொடாதீங்க. துணியெல்லாம் மடிச்சபடியே இருக்கா?”

“பின்னே? உன் துணியைப் பிரிச்சுப் பாக்குறதா எனக்கு வேலை?”

“ஒண்ணொண்ணா எடுத்து வெளிய வைங்க. உதறாதீங்க. தூங்குற புள்ளையத் தூக்குற மாதிரி தூக்குங்க.”

“என் வேட்டியா அது?”

“ஆமா.”

“அதுக்கு வந்த மரியாதையைப் பாரு” என்று சொல்லி போனை வைத்தார்.

சுதாகர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு சொன்னார். “அக்கா, உங்க காண்ட்ராக்ட் வருஷா வருஷம்தான? துணிய நானே கவனிச்சு எடுத்து வச்சிருந்ததா மேடம்கிட்ட சொல்லிக்கிடுதேன். நீங்க இதுல வரவே வேண்டாம்.”

“எங்க வீட்டுக்காரர் வேட்டி உங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். என் காய்கறிப் பையை ரயில் நிலையம் வரை அவரே தூக்கி வந்தார். நான் சுவா சூ காங்கில் வீடு போய்ச் சேரும்வரை வழியில் இரண்டு தடவை போன் செய்து கேட்டார். துணிகள் மெஷினைவிட்டு வெளியே வந்துவிட்டன. ரவுண்டு நம்பர் போட்ட ஒன்பதும் இருந்தன.

திங்கள் காலை முதலில் மிஸ் கோவிடம் போனேன். சுதாகரைக் கூட்டிப் போகவில்லை. நின்றபடியே சொன்னேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நான் அவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“பாத்தீங்க. தொடைச்சீங்க.”

“ஆமா.”

“வெள்ளிக்கிழமை அந்த ரூம்ல இருந்தீங்க.”

“ஆமா.”

“உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் குடுக்கணும், மல்லிகா. குடுப்பேன்.”

“குடுங்க.”

“அது அப்புறம். முதல்ல துணியைக் காட்டுங்க.”

ரொஹானாவின் மேசையில் ஒன்பது துணிகளையும் நம்பர்ப்படி வைத்தோம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, சுத்தம். நான்கு, ஐந்து, சுத்தம். ஆறில் நான்கு புள்ளி. ஏழில் மடிப்பு முழுக்கப் பொடி. எட்டிலும் ஒன்பதிலும் அப்படியே.



மிஸ் கோ குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். “சுவர்த் தூசு இல்லைன்னு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. என் விரலுக்குத் தெரியும் என்றால் அது பதில் ஆகாது. ரொஹானா எட்டாம் துணியிலிருந்து ஒரு துகளை ஒட்டும் நாடாவில் எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெகுநேரம் திருகிக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“ஆண்டி, நீங்களே பாருங்க.”

பார்த்தேன். மெல்லிய ஊதாச் சில்லு. அதன் அடிப்பக்கத்தில் கோடு கோடாக, சீப்பால் வாரிய மாதிரி. டிரில்லைச் சாணை பிடிக்கும்போது விழும் கோடுகள். டிரில்லின் உடம்பில் இருந்த கோடு அப்படியே பூச்சின் அடியில் அச்சாகியிருந்தது. சேம்பர் சுவரை யாரும் சாணை பிடிப்பதில்லை.

சுதாகர் பார்த்தார். பிறகு எட்டாம் ரவுண்டின் டிரில் ஒன்றைக் கேட்டார். அது இரண்டு மாதமாகப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. ரொஹானா அதன் வெட்டும் விளிம்பை நேராக வைத்துப் பார்த்தார். விளிம்போரம் முழுக்க எலி கொறித்த மாதிரி இருந்தது.

“நான் உடம்பைத்தான் பாத்தேன்” என்றார் ரொஹானா. “ஷீட்டுல உடம்புதான் கேட்டாங்க.”

“நானும் வில்லையத்தான் பாத்தேன்” என்றார் சுதாகர். “வில்லைக்கு விளிம்பே கெடையாது.”

காரணம் அவ்வளவுதான். பயாஸ் ஏறினால் கடினம் ஏறும். கூடவே பூச்சுக்குள் விறைப்பும் ஏறும். தட்டையான வில்லை அதைத் தாங்கிக்கொள்ளும். கூரான விளிம்பில் அழுத்தம் இன்னும் கூடிப்போய், பூச்சு பிடிக்க இடமில்லாமல் தெறித்துவிடும். எஃகை வெட்டுவது வில்லை இல்லை. விளிம்பு. நாங்கள் மூன்று பேரும் வெட்டாத பொருளை அளந்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் இருவருக்கும் விளிம்பு உரிவது தெரியாது. நான் தெரிந்து துடைத்தேன். வித்தியாசம் அது.

சுதாகர் நோட்டை எடுத்து, ஒன்பது வரிசையின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார். மேலே ‘துணி’ என்று எழுதினார். சுத்தம், சுத்தம், சுத்தம் என்று நிரப்பிக்கொண்டே வந்தார்.

வியாழக்கிழமை அங்கிள் லிம்மின் பட்டறையில் அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று மிஸ் கோ பேசி முடித்திருந்தார். கழுவி, ஏற்றி, காற்று உறிஞ்சி, சூடாக்கி, பூசி, ஆறவைக்க ஒரு லோடுக்குத்தான் நேரம். எந்த ரவுண்டு?

“ஆறு” என்றார் மிஸ் கோ. “ஏழு, எட்டு, ஒன்பதை விட்டா பெரிய நம்பர் அதுதான். நாலு புள்ளிதானே.”

“அஞ்சு அதைவிட நம்பர் கொஞ்சம் கம்மி மேடம்” என்றார் சுதாகர். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கக்கா.”

அந்த இடத்தில் ஒரு பொறியாளர் என்னிடம் கேட்டது அதற்கு முன் நடந்ததில்லை. ஷீட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது. நான் சொல்வது தப்பாகப் போனால் போவது அவருடைய பாஸ். 

“அஞ்சு” என்றேன்.

“ஏன்?” என்றார் மிஸ் கோ.

“ஆறுல ஏத்துனது பத்து டிரில். பத்துக்கு நாலு புள்ளி. ஆர்டர்ல எரநூறு ஏத்துவோம்.”

மிஸ் கோ ஆறாம் துணியை மடித்து ஓரமாக வைத்தார். “அஞ்சு” என்றார்.

புதன்கிழமை மதியம் லோடு இறங்கியது. புதுத் துணியை விரித்தேன். டிரில்களை வைத்தேன். துடைக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொஹானாவையும் சுதாகரையும் கூப்பிட்டேன். துணி சுத்தம். ரொஹானா கையில் வந்த இருபது டிரில்லின் விளிம்புகளைப் பார்த்தார். கொறித்த இடம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் துடைத்தேன்.

இப்போது உங்கள் ஷீட்டின் கடைசியில் ஒரு நீளமான காலிக் கட்டம் இருக்கிறதே, ‘வேறு ஏதாவது பார்த்தீர்களா’ என்று, அது அந்த வாரம் வந்தது. ரொஹானா போட்டது. அதில் ‘இல்லை’ என்று எழுதுகிறவர்கள் அதிகம் என்று கேள்விப்படுகிறேன். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். ஆனால் துடைப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் ஏற்றுகிறவரா, அளக்கிறவரா, பெரிய படிப்புப் படித்தவரா என்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. யாராவது உங்களிடம் “நீங்கள் லோட் மட்டும் பண்ணுங்கள்” என்று சொன்னால், பண்ணுங்கள். பார்த்ததையும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் எழுதிக் கொடுங்கள். நான் பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அந்தப் பழைய பொறியாளர் ஒரு நாள் காரணம். மிச்சத்துக்கு நான்தான் காரணம்.

எச்சரிக்கைக் கடிதம் அந்த வாரமே வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டில் வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை அங்கிள் லிம்மின் பட்டறைக்கு மிஸ் கோவின் காரில் போனோம். ரொஹானா வரவில்லை. சுதாகர் டிரில் பெட்டியை மடியில் வைத்திருந்தார். மிஸ் கோவின் பையில் சுதாகரின் பாஸ் பாரம் இருந்தது. “முந்நூறு வந்தா இன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்” என்று வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார். வராவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பட்டறையில் சுதாகர் பெட்டியிலிருந்து ஒரு டிரில்லை எடுத்து நீட்டினார். அங்கிள் லிம் அதை வாங்கவில்லை. பெட்டியை வாங்கினார். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு உள்ளே கையை விட்டு ஒன்றை எடுத்தார்.

“இது. போலே?”

போலே என்றால் மலாயில் ‘முடியுமா, சரியா’ என்பது. இங்கே எல்லாரும் சொல்வது.

“போலே” என்றேன்.

தடித்த தகட்டை மெஷினில் கட்டினார். அவருக்கு மெஷின் காட்டும் எண்ணில் நம்பிக்கை இல்லை. பக்கத்துத் தகரத் தடுப்பில் சாக்கட்டியால் ஐந்தைந்தாகக் கோடு போட்டார். நாலு நிற்கும் கோடு, ஒரு குறுக்குக் கோடு.

எண்பதில் சுதாகர் மூச்சைப் பிடித்தது எனக்குக் கேட்டது. எண்பது தாண்டியது. நூற்றைம்பது தாண்டியது. தகட்டை மாற்றினார்கள். இருநூறு. அங்கிள் லிம் கோடு மட்டும் போட்டார். இருநூற்று எண்பதில் சுதாகர் வெளியே போய் வாசலில் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முந்நூறு.

அங்கிள் லிம் மெஷினை நிறுத்தினார். மிஸ் கோ பெருமூச்சு விட்டார். “போதும். பாஸ். கழட்டிடுங்க.” பையைத் திறந்து பேனாவைத் தேடினார்.

சுதாகர் உள்ளே வந்தார்.

“வேண்டாம் மேடம். ஓடட்டும்.”

“முந்நூறு வந்தாச்சு. அவர் கேட்டது அதுதான்.”

“எங்க முடியுதுன்னு தெரியணும்.”

“முந்நூத்தி ஒண்ணுல ஒடைஞ்சா இவர் என்ன நெனைப்பாரு?”

“அதுவும் தெரியணும் மேடம். பெரிய நம்பரப் பாத்து நிறுத்துனது ஒரு தடவ போதும்.”

மிஸ் கோ என்னைப் பார்த்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பாஸாகிவிட்ட டிரில்லை உடைத்துக் காட்டி வேலையைக் கெடுத்துக்கொள்வானேன்? பேனா கையில் இருக்கிறது. பாசிர் ரிஸ்ஸில் அலமாரி பெட்டியில் இருக்கிறது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

“ஓடட்டும்” என்றேன்.

அங்கிள் லிம் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சுதாகரின் தோளில் சாக்கட்டித் தூள் படிந்த கையால் ஒரு தட்டுத் தட்டினார். சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது. மெஷினைப் போட்டார்.

முந்நூற்று ஒன்று உடையவில்லை. முந்நூற்று நாற்பதில் சத்தம் கொஞ்சம் மாறியது. அங்கிள் லிம் நிறுத்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மறுபடி போட்டார். நானூறு வந்தபோது மிஸ் கோ நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டார். சுதாகர் இந்தத் தடவை வெளியே போகவில்லை. மெஷின் பக்கத்திலேயே நின்று, விழுகிற சீவலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் துளையின் வாய் பிசிறடித்தது. அங்கிள் லிம் நிறுத்தினார். டிரில்லைக் கழற்றி, ஆறவிட்டு, வெளிச்சத்தில் பிடித்தார்.

“தேஞ்சிருக்கு” என்றார். “ஒடையல.”

அதைச் சுதாகர் கையில் கொடுத்தார். பிறகு தடுப்பின் முன்னால் போய் நின்று, கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இன்னொரு தடவையும் எண்ணினார். கீழே பெரிதாக எழுதினார்.

நானூற்று இருபத்தேழு.